17 மி.மீ. இடத்தில் 25 மி.மீ.: பழைய காருக்கு வீல் மாற்றிய கதை

என் கார் 1983-ல் செய்த மெர்சிடிஸ் டபிள்யூ123, 240டி. நிதானமான ஓட்டம், எதற்கும் அலுத்துக்கொள்ளாத வண்டி. கம்பெனி அலாய் வீல்களே இருந்தன, 14 அங்குலம். ஒன்று பள்ளத்தில் இறங்கி விளிம்பில் விரிசல் விட்டது, மற்ற மூன்றிலும் டயர் உட்காரும் இடம் பொரிந்துபோய்க் காற்று கசிந்துகொண்டே இருந்தது. வாரம் தவறாமல் காற்றடித்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? சரி, வேறு ஒரு செட் வாங்கிவிடலாம், வாங்குவதுதான் வாங்குகிறோம் 15 அங்குலமாக வாங்கலாம், டயரும் சுலபமாகக் கிடைக்கும் என்று இறங்கினேன்.

இறங்கிய விதம்தான் தப்பு. எனக்குத் தெரிந்ததெல்லாம் 5 போல்ட், 112 மி.மீ. பி.சி.டி. என்பது மட்டும். போல்ட் ஓட்டைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம்தான் பி.சி.டி. அது ஒத்துப்போனால் வீல் மாட்டிக்கொள்ளும், மாட்டிக்கொண்டால் பொருத்தம் என்று நினைத்திருந்தேன். 7ஜே×15 (அகலம் 7, விட்டம் 15 அங்குலம்), ஈ.டி.45 என்று பொறித்த ஒரு அழகான செட் கைமாற்றாகக் கிடைத்தது. 205/60 ஆர்15 டயர் (205 மி.மீ. அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம்) போட்டு, கடையிலேயே மாட்டி, தள்ளி நின்று பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

திரும்பி வரும் வழியிலேயே இரண்டு விஷயம் தெரிந்துவிட்டது. வேகம் 90-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கியது. வீட்டு வாசலில் முழுசாக ஒடித்துத் திருப்பும்போது முன்பக்கம் எங்கோ 'சர்ர்ர்' என்று ஒரு உரசல். மூன்றாவது கோளாறு, அதுதான் உண்மையிலேயே ஆபத்தானது, சத்தமே போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி போட்டு வீலைக் கழற்றிய பிறகுதான் அதைப் பார்த்தேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் உரசல். இதற்கு ஈ.டி. என்ற எண் புரிய வேண்டும். ரிம்மின் அகலத்துக்கு நட்டநடுவில் ஒரு கோடு போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வீலைத் தாங்கிச் சுற்றும் ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கமாகத் தள்ளியிருக்கிறது என்பதுதான் ஈ.டி. எண் கூடக்கூட வீல் வண்டிக்குள்ளே போகும், குறையக்குறைய வெளியே வரும். ஜெர்மன் சொல்லின் சுருக்கம் இது, நம்மூர் கடைகளில் ஆஃப்செட் என்றால் புரிந்துகொள்வார்கள்.

இப்போது கணக்கு. என் பழைய வீல் 6ஜே, ஈ.டி.30. 6 அங்குலம் என்றால் 152.4 மி.மீ., பாதி 76.2. அதோடு 30-ஐக் கூட்டினால் ஹப் முகத்திலிருந்து உள்விளிம்புக்கு 106.2. கழித்தால் வெளிவிளிம்புக்கு 46.2. புதிய வீல் 7ஜே, ஈ.டி.45. பாதி 88.9. உள்ளே 133.9, வெளியே 43.9. வித்தியாசத்தைப் பாருங்கள். வெளிவிளிம்பு வெறும் 2.3 மி.மீ. பின்வாங்கியிருக்கிறது, கண்ணுக்கே தெரியாது. உள்விளிம்போ 27.7 மி.மீ. உள்ளே போய்விட்டது. தள்ளி நின்று பார்த்து நான் அசந்துபோன அந்தப் பொருத்தம் வெளிப்பக்கத்துப் பொருத்தம் மட்டும்தான்.

உரசுவது பெரும்பாலும் டயர் என்பதால் அதையும் தனியாகப் போட்டுப் பார்த்தேன். ஈ.டி. 15 கூடியதால் வீலின் மையம் 15 மி.மீ. உள்ளே போகிறது. டயரின் அகலம் 195-லிருந்து 205, பாதிக்கு 5. ஆக 20 என்று முதலில் எழுதினேன். பிறகுதான் இன்னொன்று உறைத்தது: டயரில் எழுதியிருக்கும் 205 என்பது ஒரு குறிப்பிட்ட ரிம் அகலத்தில் அளந்த எண், இந்த அளவுக்கு அது 6 அங்குலம். ரிம் அரை அங்குலம் அகலமானால் டயர் ஏறக்குறைய 5 மி.மீ. புடைக்கும். 7 அங்குல ரிம்மில் என் 205 டயர் 215-ஐ எட்டிவிடும். ஆக உள்பக்கம் 25 மி.மீ. பழைய வீலை மறுபடி மாட்டி, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துவைத்து, டயருக்கும் உள்சுவருக்கும் நடுவே மரத்துண்டுகளைச் செருகிச் செருகி அளந்தேன். மிக நெருங்கிய இடத்தில் 17 மி.மீ. இருந்தது. 17 இருக்கும் இடத்தில் 25-ஐ நுழைத்திருக்கிறேன், அப்புறம் உரசாமல் என்ன செய்யும்?

இந்த வகைக் கார்களில் இது ஏன் அடிக்கடி நடக்கிறது என்றால், இன்றைய முன்சக்கர இழுப்புக் கார்களின் வீல்கள் பெரும்பாலும் ஈ.டி. 35-லிருந்து 50 வரை இருக்கும், அந்தக் காலத்துப் பின்சக்கர இழுப்புக் கார்கள் அதைவிடக் குறைவு. டாட்சன் 240இசட் எல்லாம் இன்னும் குறைவு. சந்தையில் கிடைக்கும் அழகான வீல்களில் பாதி புதிய கார்களுக்காக வார்த்தவை. வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தகட்டைப் போட்டுச் சரிக்கட்டலாமே என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். 15 மி.மீ. ஸ்பேசர், அதற்கேற்ப 15 மி.மீ. நீண்ட போல்ட், ஸ்பேசர் ஹப்பின் மேல் ஆடாமல் உட்கார அதிலேயே ஒரு கழுத்து. முறையாகச் செய்தால் தப்பில்லை. ஆனால் முதலிலேயே சரியான ஈ.டி. வாங்கியிருந்தால் தேவைப்படாத ஒரு சாமானை நாமே நடுவில் கொண்டுவந்து வைக்கிறோம், எனக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்து நடுக்கம். வீலின் நடு ஓட்டை ஹப்பின் மேல் கச்சிதமாக உட்கார வேண்டும், அப்போதுதான் வீல் நடுப்பிசகாமல் சுற்றும். டபிள்யூ123-க்கு அது 66.6 மி.மீ. கடைகளில் கிடைக்கும் வீல்களில் பலவற்றை எல்லாக் காருக்கும் ஆகட்டும் என்று 73.1 போன்ற பெரிய ஓட்டையோடு செய்துவிட்டு, இடைவெளியை அடைக்க நடுவில் ஒரு ரிங் கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள். கழற்றிய ரிங்கைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓரத்தில் பொடி எழுத்தில் 67.1 என்று இருந்தது. ஹூண்டாய், மாஸ்டா போன்ற கார்களின் அளவு அது. அரை மி.மீ. வித்தியாசம். அரை மி.மீ.தானே என்று தோன்றும், 90 கிலோமீட்டர் வேகத்தில் கையில் பிடித்துப் பாருங்கள். பேலன்சிங் மெஷினில் வீல் சுத்தமாகச் சுற்றும், ஏனென்றால் மெஷின் வீலை அதன் சொந்த மையத்தில் பிடிக்கிறது. காரில் மாட்டினால்தான் ஆடும். நான்கு தடவை பேலன்ஸ் செய்தும் நடுக்கம் போகவில்லை என்று புலம்புகிறவர்கள் இந்த ரிங்கை ஒருதரம் பார்த்துவிடலாம்.

இது எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். 5×112 என்று பார்த்து ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களின் வீலைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவற்றின் நடு ஓட்டை 57.1, மெர்சிடிஸ் ஹப்பில் ஏறவே ஏறாது. சிலர் கடைசலில் கொடுத்து ஓட்டையைப் பெரிதாக்குகிறார்கள். செய்யத் தெரிந்தவர் கையில் அது நடக்கும், ஆனால் கடைசல் மையம் தவறினால் அந்த வீல் அதோடு போயிற்று.

இப்போது அந்தச் சத்தம் போடாத கோளாறு. கம்பெனி போல்ட்டில் தலைக்குக் கீழே, வீலில் உட்காரும் பகுதி உருண்டையாக இருக்கும், ஒரு பந்தின் ஒரு பகுதி மாதிரி. வெளியே வாங்கும் வீல்களில் பெரும்பாலும் அந்த இடம் கூம்பு, 60 டிகிரி. மாட்டியவர் என் பழைய போல்ட்டுகளையே போட்டு முறுக்கிவிட்டிருந்தார். ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். உருண்டைப் பகுதியில் ஒரு மெல்லிய பளபளப்பான கோடு, நூல் கட்டிய மாதிரி, சுற்றிலும் ஓடியது. முழுப் பரப்பும் அழுந்த வேண்டிய இடத்தில் அந்தக் கோடு மட்டும்தான் வீலைத் தொட்டுக்கொண்டிருந்தது. வீலின் குழிக்குள் விரலை விட்டுத் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் அலுமினியத் துகள். ஓட்டியது மொத்தமே 60 கிலோமீட்டர்கூட இருக்காது. இருபது போல்ட்டில் மூன்று, ஸ்பானர் வைத்ததும் எதிர்ப்பே இல்லாமல் சுழன்றன. அன்றைக்கு வேறெங்கும் போகாமல் வண்டி வீட்டிலேயே நின்றது நல்லதாகப் போயிற்று.

இதைச் சோதிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கழற்றிய வீலைத் தரையில் படுக்க வைத்து, குழியில் மார்க்கர் பேனாவால் சுற்றிலும் பூசி, போல்ட்டை வைத்து அழுத்தித் திருகி எடுங்கள். மை அகலமாக ஒட்டியிருந்தால் சரி, கோடாக ஒட்டியிருந்தால் அந்த போல்ட் அந்த வீலுக்கு இல்லை.

நீளமும் உண்டு. பழைய போல்ட்டைப் பழைய வீலில் செருகி, பின்பக்கம் ஹப் முகத்துக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து, புதிய வீலில் புதிய போல்ட்டும் அதே அளவு நீட்டும்படி வாங்கினால் போதும். குறைந்தால் மரை பிடிக்காது. 12 மி.மீ. போல்ட், 1.5 மரை என்றால் கையால் குறைந்தது எட்டு சுற்றாவது ஏற வேண்டும். கூடினாலும் வம்புதான். டபிள்யூ123-ல் பின்பக்கம் டிஸ்க்கின் நடுவே, குடுவை மாதிரி உள்ள பகுதிக்குள் ஹேண்ட் பிரேக்கின் ஷூ இருக்கிறது, நீளமான போல்ட் உள்ளே போய் அதைப் பதம் பார்த்துவிடும். பின்வீலில் போல்ட் முறுக்கியதும் வீலைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது அதனால்தான்.

ஆக முதல் செட்டை ஓரம்கட்டிவிட்டு, இந்தத் தடவை காரை முதலில் அளந்தேன். என் மெக்கானிக் வயதில் மூத்தவர், இரும்பு சாமான்களோடு ஒரு கட்டட மேஸ்திரியின் தூக்குக்குண்டையும் வைத்திருப்பார். "தம்பி, கேட்டலாக்ல இருக்கிறது புது வண்டி. உன் வண்டி நாப்பது வருஷம் ஓடுன வண்டி. ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றார். பின்பக்கம் மட்கார்டு விளிம்பிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் பக்கவாட்டுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தோம். வலப்பக்கம் 15 மி.மீ. இடப்பக்கம் 9. என்னால் நம்ப முடியவில்லை, இடத்தை மாற்றி மாற்றி மூன்று தடவை தொங்கவிட்டேன். அவர் மட்கார்டைச் சுண்டிப் பார்த்தார், ஒரு பக்கம் 'டங்' என்றது, இன்னொரு பக்கம் 'தொப்'. எப்போதோ இடித்து, பட்டி போட்டு, பெயின்ட் அடித்து மூடியிருக்கிறார்கள். நான் வாங்கிய நாளிலிருந்து தெரியாத விஷயம். பழைய கார் வைத்திருப்பவர்கள் நான்கு மூலையையும் தனித்தனியாக அளந்துவிடுங்கள், ஒன்றை அளந்து நான்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மட்கார்டின் உள்மடிப்பை உருட்டித் தட்டையாக்கி இடம் தேடலாம் என்று ஒரு யோசனை வந்தது. பட்டி போட்ட மட்கார்டை உருட்டினால் பெயின்டோடு சேர்ந்து வெடித்து வரும், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆக கணக்கு தெளிவாகிவிட்டது: வெளிப்பக்கம் மோசமான மூலையில் 9, உள்பக்கம் முன்வீலை முழுசாக ஒடிக்கும்போது 17. இதற்குள் அடங்கும் வீல் எது?

6.5ஜே×15, ஈ.டி.35, டயர் அதே 205/60. அரை அங்குலக் கூடுதல் ரிம்முக்காக டயரை 210 என்று வைத்துக்கொண்டால், பழையதைவிட 15 கூடுதல், பாதிக்கு 7.5. ஈ.டி. 5 கூடியதால் வெளிப்பக்கம் 2.5 மி.மீ. மட்டும் வருகிறது, உள்பக்கம் 12.5 போகிறது. 9-ல் 2.5, 17-ல் 12.5. இரண்டு பக்கமும் மூச்சுவிட இடம் இருக்கிறது. இந்த இரண்டு வரிக் கணக்கை முதல் செட் வாங்குமுன் போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

ஈ.டி.-யைக் கன்னாபின்னாவென்று குறைத்து வீலை வெளியே தள்ளுவதும் சரியில்லை. அப்படித் தள்ளினால் ஸ்டீயரிங் கனக்கும், மேடுபள்ளத்தில் கையை உதறும், பேரிங்குக்கும் சுமை கூடும். பார்க்க எடுப்பாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

டயரின் விட்டத்தையும் போட்டுப் பார்த்தேன். 195/70 ஆர்14 என்பது 628.6 மி.மீ., 205/60 ஆர்15 என்பது 627. ஸ்பீடோமீட்டர் வித்தியாசம் காட்டாது, கியர் இழுவையும் மாறாது. பளு எண்ணையும் பாருங்கள். நான் வாங்கிய டயரில் 91 என்று இருந்தது, ஒரு டயருக்கு 615 கிலோ. வீலுக்கும் தாங்கும் எடை உண்டு, உள்பக்கம் கிலோவில் பொறித்திருப்பார்கள். காரின் பெயர்ப்பலகையில் பின் ஆக்ஸிலுக்கு அனுமதித்த எடையில் பாதியைவிட அது அதிகமாக இருக்க வேண்டும். எடையே பொறிக்காத, ஜப்பானின் ஜே.டபிள்யூ.எல். மாதிரி எந்தத் தர முத்திரையும் இல்லாத வீலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன். 17 அங்குலம் போடலாமே என்று கேட்பவர்களுக்கு: போடலாம், 215/45-ல் விட்டம்கூட ஒத்துவரும். ஆனால் இந்தக் காரின் சுகமே அந்தத் தடித்த டயர் பக்கச்சுவரில்தான் இருக்கிறது, அதைப் பறித்துவிட்டு எதற்கு இந்தக் காரை வைத்துக்கொள்வது என்பது என் கட்சி.

வேறு கார் வைத்திருப்பவர்கள் பி.சி.டி.-யையும் சும்மா நம்பிவிட வேண்டாம். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1967 வரை 5×205, அதற்கடுத்த வருஷத்திலிருந்து 4×130. ஒரே கார்தான், ஒன்றின் வீல் மற்றதில் ஏறாது. மினிக்கு 101.6, எம்ஜிபிக்கு 114.3. விநோதமான எண்கள் மாதிரி இருக்கும், அங்குலத்தில் 4, 4.5, அவ்வளவுதான். மோசமானது 98-ம் 100-ம். பழைய ஃபியட் கார்களில் பல 4×98, பிஎம்டபிள்யூ 2002 4×100. 98-க்குரிய ஹப்பில் 100-க்குரிய வீலை வைத்தால் இழுத்துப்பிடித்து ஏறிவிடும், போல்ட்டும் முறுக்கிக்கொள்ளும், ஆனால் எல்லா போல்ட்டும் சாய்ந்தே உட்காரும். ஐந்து போல்ட் வீலில் எதிரெதிர் ஓட்டை கிடையாது என்பதால் பி.சி.டி. தெரிய அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மையங்களுக்கு இடையே அளந்து 0.588-ஆல் வகுக்க வேண்டும். 112-க்கு அது 65.8 வரும், 114.3-க்கு 67.2. வித்தியாசம் 1.4 மி.மீ.தான், டேப்பை வைத்து அளந்தால் கோட்டைவிடுவீர்கள், வெர்னியர் வேண்டும்.

புதிய செட் வந்ததும் டயரே போடாமல் வெறும் ரிம்மை மட்டும் முன்னால் மாட்டிப் பார்த்தேன். டயர் ஏற்றிவிட்டால் எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுக்கமாட்டார். பிரேக் கேலிபரின் மேல் குழந்தைகள் விளையாடும் களிமண்ணைக் கொஞ்சம் ஒட்டி, ரிம்மை மாட்டி ஒரு சுற்று சுற்றி, கழற்றி, களிமண் எங்கே நசுங்கியிருக்கிறது என்று பார்த்தேன். மெல்லிய இடத்தில் 6 மி.மீ. இருந்தது, 3-க்குக் குறைந்தால் நான் விட்டிருக்கமாட்டேன். அதற்குப் பிறகு டயர் போட்டு, டிக்கியில் மணல் மூட்டை, பின்சீட்டில் மூன்று தடித்த நண்பர்கள், ஒரு வேகத்தடை, ஒரு முழு யூ-டர்ன். மட்கார்டின் உள்பக்கம் சாக்பீஸ் பூசியிருந்தேன், டயரில் ஒரு வெள்ளைக் கோடுகூட ஒட்டவில்லை. நண்பர்கள்தான் இன்னொரு சுற்றுப் போகலாமா என்று கேட்டார்கள்.

மாட்டும்போது ஹப் முகத்தில் இருந்த துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தெடுத்தேன். ரிங் 66.6, அலுமினியம். கூம்பு போல்ட்டுகளைக் காற்றில் தூக்கிவைத்த நிலையிலேயே ஒன்று விட்டு ஒன்றாகக் கையால் ஏற்றி, இறக்கியபின் டார்க் ரெஞ்சில் 110 நியூட்டன் மீட்டர். மரையில் எண்ணெய் இல்லை. 80 கிலோமீட்டர் ஓட்டிவந்து மறுபடி வைத்துப் பார்த்தபோது இரண்டு போல்ட் ஒரு துளி இறுகின, அதற்கப்புறம் அசையவில்லை.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். என்னுடையது பழைய இரும்பு வீல், 195/70 ஆர்14. விட்டம் 1.6 மி.மீ.தான் வித்தியாசம் என்பதால் அவசரத்துக்குத் தாராளமாக ஓடும். ஆனால் இரும்புத் தகடு மெல்லிசு, அலாய் வீலின் நீள போல்ட்டை அதில் போட்டால் முன்பு சொன்ன ஹேண்ட் பிரேக் கதைதான், அந்தக் கூம்பும் அதன் குழியில் உட்காராது. அதற்கென்று குட்டை போல்ட் ஐந்தை ஒரு துணிப்பையில் சுருட்டி ஸ்டெப்னியின் நடு ஓட்டையில் செருகி வைத்திருக்கிறேன்.

முதல் செட்டை ஸ்கோடா ஆக்டேவியா வைத்திருக்கும் ஒருவர் கேட்டு வந்தார். 5×112, ஈ.டி.45, அவர் காருக்கு எண்கள் ஒத்துவரும், ரிங் மட்டும் 57.1-க்கு மாற்ற வேண்டும். பணத்தை எடுத்து நீட்டினார். உங்கள் காரிலும் போல்ட் உருண்டைதான், இந்த வீல் கூம்பு, அந்த போல்ட்டை வாங்கிக்கொண்டு வந்தால்தான் வீலைத் தருவேன் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். திரும்ப வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய இருபது கூம்பு போல்ட்டோடு வாசலில் நின்றார், கூடவே ஒரு மார்க்கர் பேனா.